அடுப்படிக் குழாய்

ஃபில்டர்க்காரன் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் மனிதர் முகத்தைப் பார்க்க மாட்டான். குழாயின் வாயைத்தான் பார்ப்பான். வெள்ளைப் பொருக்குக் கட்டியிருந்தால் சுண்ணாம்புத் தண்ணீர், சாஃப்ட்னர் வைக்க வேண்டும். பழுப்புக் கறை இருந்தால் இரும்பு, அதற்கு வேறு மணல். இரண்டும் இருந்தால் இரும்பை முதலில் எடுத்துவிட்டுத்தான் சுண்ணாம்புக்குப் போக வேண்டும், மாற்றி வைத்தால் சாஃப்ட்னருக்குள் இருக்கும் ரெசின் துருவேறிப் பாழாகிவிடும். நாற்றம் அடித்தால் கரி. இவ்வளவையும் செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லி முடித்துவிடுவான். டாக்டர்கூட நாக்கை நீட்டச் சொல்லித்தான் பார்ப்பார், நீ வாசலிலேயே சொல்லிவிடுகிறாயே என்று ஜனங்கள் கேலி செய்வார்கள். அவனுக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருக்கட்டுமே, தொழில் தெரிந்தவனுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி.

சாஃப்ட்னர் வைக்கும் வீடுகளில் ஒரு விஷயத்தை மட்டும் மனப்பாடமாக ஒப்பிப்பான். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ எல்லாம் இதிலிருந்து வரட்டும். அடுப்படிக் குழாய் மட்டும் இந்த லைனில் சேரக்கூடாது. ஏன் என்று கேட்டால், ஆள் உயர உருளையைத் தட்டிக் காட்டுவான். உள்ளே ரவை மாதிரி மஞ்சள் மணிகள், அதுதான் ரெசின். தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பை அது பிடித்து வைத்துக்கொண்டு, பதிலுக்கு உப்பின் சத்தைத் தண்ணீரில் விடும். பிடித்துப் பிடித்துக் களைத்துப் போனதும், பக்கத்துத் தொட்டியில் இருக்கும் உப்புக் கரைசலை இழுத்துத் தன்னைக் கழுவிக்கொண்டு, அந்த அழுக்கைச் சாக்கடைக்குத் தள்ளிவிட்டு மறுபடி வேலைக்கு நிற்கும். "நல்லா இருக்கிற உடம்புக்கு ஒண்ணும் ஆகாது. பிரஷர், நெஞ்சுக் கோளாறு இருக்கிறவங்க வீட்டுல மட்டும் இந்த வம்பே வேணாம்" என்பான்.

ஊருக்கெல்லாம் சொன்னவன் ஒரே ஒரு வீட்டில் அதைச் செய்யாமல் விட்டான். அது அவன் கூடப்பிறந்த அக்காவின் வீடு.

அக்கா வீட்டு போர் தண்ணீர் அந்த வட்டாரத்திலேயே மகா மோசம். கெட்டிலின் அடியில் முட்டை ஓடு கனத்துக்கு வெள்ளை படிந்திருக்கும். அவள் அதைக் கரண்டிக் காம்பால் சுரண்டிச் சுரண்டி கெட்டிலே ஓட்டையாகிவிட்டது. பருப்பு வேகவே வேகாது. இந்த வேளைக்கு வைத்த பருப்பு வேகிறதற்குள் அடுத்த வேளை வந்துவிடுகிறது, அடுப்படிக்கும் சேர்த்துக் கொடுத்துவிடேன் என்று கேட்டாள். அவன் முடியாது என்றான், காரணத்தையும் சொன்னான். அவள் சரி என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தைத் துடைத்தாள். யாரிடமும் எதையும் வாய்திறந்து கேட்டுப் பழக்கமில்லாதவள் அவள். தம்பிக்கு மனசு கேட்கவில்லை. வீட்டில் எல்லாரும் திடமாகத்தானே இருக்கிறார்கள் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, ஒரு முழம் பைப்பை வெட்டி ஒட்டி அடுப்படியையும் சேர்த்துவிட்டான். அன்று சாயங்காலமே அக்கா ஃபோன் செய்தாள். "கை வச்சா மசியுதுடா" என்றாள். பருப்பைப் பற்றி ஒரு பெண்பிள்ளை அவ்வளவு சந்தோஷப்பட்டு அவன் கேட்டதில்லை.

அத்தான் தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. இரண்டு மெஷின், ஒரு வெட்டு மேசை, சுவரெல்லாம் தொங்கும் பாதிச் சட்டைகள். மனிதர் கழுத்தளவு எடுக்கும்போதே பேச்சை ஆரம்பிப்பார். காலரில் மஞ்சள் படிகிறதே, வீட்டுத் தண்ணீர் எப்படி என்பார். டேப்பைச் சுருட்டுவதற்குள் மச்சினனுக்கு ஒரு வாடிக்கை பிடித்துக் கொடுத்திருப்பார். ஃபில்டர்க்காரன் வைத்த மெஷின்களில் பாதிக்கு மேல் அந்த வெட்டு மேசையிலிருந்து வந்தவைதான்.

அப்படிப்பட்ட அத்தானுக்கு நெஞ்சில் கோளாறு வந்தது. இருதயம் தளர்ந்துவிட்டது, மாத்திரை பாதி வேலைதான் செய்யும், மீதி வேலையை நாக்கு செய்ய வேண்டும், உப்பை விஷமாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லியனுப்பினார். அக்கா வீட்டுக்கு வந்ததும் உப்பு டப்பாவைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாள். அவருக்குத் தனி, தனக்குத் தனி என்று வைத்துக்கொள்ளவில்லை. தானும் உப்பில்லாமல்தான் சாப்பிட்டாள். ஃபில்டர்க்காரனுக்கு அப்போதே அடுப்படிக் குழாய் ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆஸ்பத்திரிக்கும் மருந்துக்கடைக்கும் ஓடினான், ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தான், உப்பு என்ற சொல்லை எல்லாரோடும் சேர்ந்து நூறு தடவை சொன்னான். மாசாமாசம் அதே வீட்டுக்கு உப்பு மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு போய் மெஷினின் உப்புத் தொட்டியில் கொட்டுகிறவனுக்கு அது உறைக்கவில்லை. அவனைப் பொறுத்தவரை அது மெஷினுக்குப் போடும் தீனி, அவ்வளவுதான்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. வெயில் காலம் வந்தது. தெருவில் தார் இளகிச் செருப்பில் ஒட்டியது. போரில் தண்ணீர் கீழே போகப் போகச் சுண்ணாம்பு ஏறியது. குளித்தால் சோப்பு நுரைக்கவில்லை. அவன் போய் சாஃப்ட்னரின் தலையைத் திறந்து, உப்பு இழுக்கும் அளவை இரண்டு மடங்காக வைத்தான். மற்ற வீடுகளில் கொஞ்சம்தான் கூட்டுவான். இது அக்கா வீடு, குறை வரக்கூடாது என்று தாராளமாக வைத்தான். உப்பைக் கூட்டினால் அலசும் நேரத்தையும் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் கழுவின உப்பு முழுக்க வெளியேறாமல் வீட்டுத் தண்ணீரோடு வரும். இது தொழிலில் அரிச்சுவடி. ஆனால் அலசும் தண்ணீர் சாக்கடைக்குப் போவதைப் பார்த்து அக்கா முகத்தைச் சுளித்தாள், தொட்டியில் குளிக்கவே தண்ணீர் இல்லை, இவ்வளவு கொட்டுகிறாயே என்றாள். சரி, மழை வந்ததும் கூட்டிக்கொள்ளலாம் என்று மூடியை மூடினான்.

அத்தானின் கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. செருப்பு நுழையவில்லை, பிறகு மெஷின் மிதிக்கக் கால் எழவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று வெட்டு மேசையில் தலை சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்கினார். டாக்டர் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, யார் சமைக்கிறது என்று கேட்டார். அக்கா நான்தான் என்றாள். நீங்கள் பாசத்தில் ஒரு சிட்டிகை போடுகிறீர்கள், அது அவர் நுரையீரலில் தண்ணீராய் நிற்கிறது என்றார். அவள் போடவே இல்லை என்று சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. எல்லா வீட்டிலும் இதையே சொல்லக் கேட்டு அலுத்தவர் போலிருக்கிறது.

அப்போதுதான் அத்தானின் தங்கை வந்து சேர்ந்தாள். மாணவிகள் விடுதியில் மேற்பார்வைக்காரி. நூறு பிள்ளைகளின் பொய்யைக் கண்ணைப் பார்த்தே பிடிக்கிறவள் என்று பெயர். கெட்டவள் என்று சொல்ல முடியாது, அண்ணன் என்றால் உயிரை விடுவாள். வந்த மறுநாள் காலை அக்கா வைத்திருந்த கஞ்சியை ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டாள். நாக்கைச் சப்பிப் பார்த்தாள். இன்னொரு கரண்டி எடுத்தாள்.

"அண்ணி, இதுல உப்பு இருக்கு" என்றாள்.

அக்கா சிரித்தாளாம், ஏதோ விளையாட்டு என்று நினைத்து. பிறகு தானும் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்றாள். உண்மையிலேயே தெரியவில்லை, தினமும் அதையே குடித்துக் குடித்து நாக்கு பழகிவிட்டது. வெளியிலிருந்து வந்த நாக்குக்கு ஒரே வாயில் தெரிந்தது. தெரியாதா, தெரியாத மாதிரி இருக்கிறீர்களா என்று நாத்தனார் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். அலமாரியைத் திறந்து டப்பா டப்பாவாக மோந்து பார்த்தாள். உப்பு கிடைக்கவில்லை. கிடைக்காததே பெரிய தடயமாகிவிட்டது; ஒளித்து வைத்திருக்கிறாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஃபில்டர்க்காரன் தோளில் உப்பு மூட்டையோடு பின்வாசல் வழியாக உள்ளே வந்தான். ஒரு சிட்டிகை உப்புக்காக இரண்டு பெண்கள் அடுப்படியில் நிற்கிறார்கள், இவன் தோளில் ஒரு மூட்டை. யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அக்கா மட்டும், நீயாவது சொல்லுடா, நான் அப்படிச் செய்கிறவளா என்று கேட்டாள். அவன் மூட்டையை இறக்கி வைத்தான். விஷயம் என்ன என்று கேட்டுக்கொண்டே குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தான். நாக்கில் உப்பு கரித்தது.

சட்டைப்பையில் பேனா மாதிரி ஒரு மீட்டர் வைத்திருப்பான், தண்ணீரில் கரைந்திருப்பது எவ்வளவு என்று காட்டும். பின்கட்டுக்குப் போய், சாஃப்ட்னருக்குப் போகாத போர் தண்ணீர்த் தொட்டியில் நனைத்தான். வந்து அடுப்படித் தண்ணீரில் நனைத்தான். சாஃப்ட்னர் ஒன்றை எடுத்து ஒன்றைக் கொடுக்கிற சமாச்சாரம். இரண்டு எண்ணும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். அடுப்படி எண் எங்கேயோ உயரத்தில் நின்றது. முன்னறையில் அத்தான் மூச்சு வாங்குவது அங்கிருந்தே கேட்டது.

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. நாத்தனார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் மென்று விழுங்கிவிட்டான். முதலில் சரிசெய்வோம், மனுஷர் பிழைக்கட்டும், பிறகு சொல்வோம் என்று நினைத்துக்கொண்டான். பயந்த மனசு எப்போதும் நல்ல காரணமாகத்தான் எடுத்துக் கொடுக்கும். ரெசின் களைத்திருக்கிறது, கொஞ்ச நாளைக்கு அடுப்படிக்குப் பழைய தண்ணீர்தான் வரும் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, தான் ஒட்டிய அந்த ஒரு முழம் பைப்பை அறுத்து எறிந்து, அடுப்படியைப் போர் தண்ணீர்த் தொட்டி லைனில் நேராகச் சேர்த்தான். அலசும் நேரத்தைக் கூட்டினான். அவசரத்தில் பசை விரலெல்லாம் ஒட்டிக்கொண்டது. போகும்போது அக்கா வாசல் வரை வந்தாள். நீ ஒன்றும் சொல்லவில்லையே என்று அவள் கேட்கவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

அதே நாள் நாத்தனார் கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள். அண்ணி இனி அடுப்படிப் பக்கம் வர வேண்டாம் என்றாள்.

பிறகு நடந்ததை அவன் கனவிலும் எதிர்பார்க்கவில்லை. அத்தானுக்கு வீக்கம் வடிய ஆரம்பித்தது. படுத்துத் தூங்கினார். செருப்பு நுழைந்தது. ஒரு நாள் தையல் மெஷின் ஓடும் சத்தம் தெருவுக்குக் கேட்டது. பார்த்தீர்களா, சமைக்கிற கை மாறினதும் உடம்பு மாறிவிட்டது என்று டாக்டர் சொன்னார். நாத்தனார் அதை வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னாள், கடைக்கு அளவு கொடுக்க வந்தவர்களிடமும் சொன்னாள். அதுவரை பாதி நம்பியும் நம்பாமலும் இருந்தவர்கள் இப்போது முழுக்க நம்பினார்கள். அவன் ரகசியமாய்ச் செய்த ரிப்பேர், அக்காவைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்துவிட்டது.

அத்தான் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஏன் செய்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கையால் டீ வாங்கிக் குடிப்பதை மட்டும் நிறுத்திவிட்டார். தங்கை கொண்டுவரட்டும் என்று காத்திருப்பார். அக்கா முன்னறை மூலையில் உட்கார்ந்து பொத்தான் தைத்தாள், ஓரம் மடித்தாள். பசி எடுத்தால் நாத்தனார் போடும் வரை இருந்தாள்.

ஃபில்டர்க்காரன் அந்தப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டான். வேலை இருக்கிறது என்பான். வேலை இருக்கத்தான் செய்தது. சோறு இறங்கவில்லை, உப்பு ஜாடியைக் கண்ணில் படாமல் தள்ளி வைத்தான். அத்தானுக்கு மூச்சு நின்றிருந்தால் அது நான் செய்ததுதானே என்று நினைப்பான். அடுத்த நிமிஷமே, இந்தத் தப்பு வெளியே தெரிந்தால் எவன் நம்மை வீட்டுக்குள் விடுவான் என்றும் நினைப்பான். இரண்டாவது நினைப்புக்காகத் தன் மேலேயே அவனுக்குக் காறித் துப்பலாம் போலிருந்தது.

ஒரு நாள் ஒரு வாத்தியார் வீட்டில் ரெசின் மாற்றும் வேலை. உருளையைச் சாய்த்து, பழைய மணிகளைக் கோணியில் கொட்டி, அடியில் கிடந்த கூழாங்கல்லை அலசிக் காயவைத்தான். நடுக்குழாயின் வாயைத் துணியால் அடைத்துவிட்டுப் புது மணிகளைப் புனல் வைத்து மெதுவாக இறக்கினான். ஒரு மணி அந்தக் குழாய்க்குள் போனாலும் தலைவலி. வெயில் முதுகைச் சுட்டது. வாத்தியார் சம்சாரம் பக்கத்தில் வந்து நின்று, பருப்பு வேக மாட்டேன் என்கிறது, அடுப்படிக்கும் இதிலிருந்தே கொடுத்துவிடுங்களேன் என்று கேட்டாள். அவன் வழக்கமாக ஒப்பிப்பதைச் சொல்ல வாயைத் திறந்தான். புனல் சரிந்து மணிகள் முற்றமெல்லாம் சிதறின. அவன் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தான். பரவாயில்லை விடுங்கள் என்று அந்த அம்மாள் சொல்லச் சொல்லப் பொறுக்கினான். பிறகு எழுந்து, நாளை வந்து முடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு அப்படியே அக்கா வீட்டுக்குப் போனான்.

அக்கா பின்கட்டில் இருந்தாள். மடியில் ஒரு சட்டை, வாயில் ஊசி. அவனைப் பார்த்ததும் ஊசியை எடுத்துத் துணியில் குத்திவிட்டு, உட்கார், டீ வேண்டுமென்றால் உள்ளே கேட்டுத்தான் வாங்க வேண்டும் என்றாள். இளைத்திருந்தாள். அவன் எப்படி ஆரம்பிப்பது என்று தடுமாறிக்கொண்டிருக்கும்போதே அவள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"ஒண்ணு கேக்கணும்டா. யார்கிட்டயும் சொல்லாத. நான் போட்டிருப்பேனோ?"

"என்னக்கா?"

"உப்பைத்தான். இத்தனை வருஷமா போட்டுப் போட்டுப் பழகின கை. நெனப்பு எங்கயோ இருக்கும்போது கை தன்னால போட்டிருக்குமோன்னு தோணுது. இல்லன்னா அவ சமைச்சதும் எப்படி சரியாச்சு? கண்ணால பாக்கறோமே. அவரைக் கொல்லப் பாத்திருக்கேன்டா, எனக்கே தெரியாம."

அவள் தன் வலது கையை மடியிலிருந்து எடுத்து, யாருடையதோ போலப் பார்த்தாள். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். ஒரு முழம் பைப், இரண்டு மடங்கு உப்பு, கூட்டாமல் விட்ட அலசல், மீட்டர் காட்டிய எண், அன்று சொன்ன பொய். அவன் முடித்ததும் அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே தெரியும்க்கா. அவங்க கஞ்சியக் குடிச்சுப் பாத்த அன்னைக்கே."

"அப்ப இத்தனை நாளும் தெரியும்."

"தெரியும்."

அவள் அடிப்பாள் என்று நினைத்தான். அடித்தால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தான். அவள் சட்டையை மடித்து வைத்துவிட்டு எழுந்தாள். உள்ளே போகிறபோது அடுப்படி வாசலில் ஒரு நிமிஷம் நின்றாள். மேடையில் புதுக் கெட்டில் இருந்தது. மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். அடியில் மறுபடியும் வெள்ளை படிய ஆரம்பித்திருந்தது. விரலால் தடவிப் பார்த்தாள். தண்ணீர் மாறியது எல்லார் கண்ணெதிரேயும் எழுதி வைத்த மாதிரி இருந்திருக்கிறது, ஒருவரும் அதையும் உப்பையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

"வா. என்கிட்டச் சொன்னது போதாது" என்றாள்.

முன்னறையில் அத்தான் ஒரு ஆளுக்குத் தோள் அளவு எடுத்துக்கொண்டிருந்தார். நாத்தனார் காஜா போட்டுக்கொண்டிருந்தாள். வெளி ஆள் இருக்கிறாரே, அவர் போகட்டும் என்று தம்பி முணுமுணுத்தான். "ஆள் இருக்கும்போதுதான என்னைப் பத்திச் சொன்னாங்க. நீயும் ஆள் இருக்கும்போதே சொல்லு" என்றாள் அக்கா. அவன் சொன்னான். இந்த முறை அழவில்லை. நின்றுகொண்டே, தொழில்காரன் தொழில்காரனிடம் சொல்வதுபோல முதலிலிருந்து கடைசிவரை சொன்னான். அளவு கொடுக்க வந்த ஆள் கையை விரித்தது விரித்தபடி நின்றார். அவர் வீட்டிலும் இவன் வைத்த மெஷின்தான்.

அத்தான் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வீக்கம் வடிந்த தன் காலை நீட்டிப் பார்த்தார்.

"நீ பைப்பைச் சேத்தது தப்பு, சரி. நான்கூட எத்தனை பேருக்குக் கை நீளத்தைத் தப்பா வெட்டிருக்கேன். அன்னைக்கே சொல்லிருந்தா சிரிச்சிட்டு விட்டிருப்பேன் மாப்ளே. இத்தனை நாள் இவ முகத்தைப் பாக்காம உக்காந்திருந்தேனே, அதை எப்படிப் பிரிச்சுத் தைக்கிறது?"

நாத்தனார் எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் கரண்டி இருந்தது. அண்ணி முன்னால் நீட்டினாள். மன்னிச்சுக்கோங்க என்று சொல்ல வந்தவளுக்கு வாய் கோணிக்கொண்டு அழுகைதான் வந்தது. நூறு பிள்ளைகளை அதட்டுகிறவள், சின்னப் பிள்ளை மாதிரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அக்கா கரண்டியை வாங்கிக்கொண்டாள். விடுங்க, உங்க அண்ணன்மேல உள்ள பாசத்துல செஞ்சீங்க என்று சொன்னாள். தம்பியைப் பார்த்து அப்படி ஒன்றும் சொல்லவில்லை.

"கஞ்சி வையி. உன் கையால குடிச்சு நாளாச்சு" என்றார் அத்தான்.

அவள் அடுப்படிக்குப் போனாள். எல்லாரும் காத்திருந்தார்கள். பாத்திரம் உருளும் சத்தம், குழாய் திறக்கும் சத்தம், அடுப்பு பற்றும் சத்தம், ஒவ்வொன்றாகக் கேட்டது. அரிசி வெந்து மணம் வந்தது. பிறகு சத்தமே இல்லை. வெகுநேரமாகியும் அவள் கஞ்சியைக் கொண்டுவரவில்லை. நாத்தனார் எழப் போனாள். ஃபில்டர்க்காரன் நான் போகிறேன் என்று உள்ளே போனான்.

கஞ்சி தயாராகி, கிண்ணத்தில் ஊற்றியாகிவிட்டது. அக்கா அதைத் தொடாமல் எதிரே நின்றுகொண்டிருந்தாள். வலது கையைப் புடவையில் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள். அவனைக் கண்டதும் ஒரு கரண்டி எடுத்து, கீழே கையை ஏந்திக்கொண்டு, அவன் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"உப்பு இருக்கா பாரு."

அவன் குடித்தான். வெறும் அரிசி, வெறும் தண்ணீர்.

"இல்லக்கா."

"நல்லாப் பாத்தியா?"

"நல்லாப் பாத்தேன்க்கா. துளிகூட இல்ல."

அவள் தலையாட்டினாள். கிண்ணத்தை எடுக்கக் கையை நீட்டியவள், பாதியில் நிறுத்தி இன்னொரு கரண்டி எடுத்தாள்.

"இன்னொரு வாட்டி பாரு" என்றாள்.